காலாவதியாகும் பங்குகள்: அண்ணாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணா,

நீங்கள் தொடங்கிய மீன் நிறுவனத்தின் பங்குகளைக் குறித்த விலைக்கு வாங்கிக்கொள்ள எனக்கிருந்த உரிமை இன்று இரவு பன்னிரண்டு மணியோடு காலாவதியாகிறது. வேலையை விட்டவருக்கு 90 நாள் அவகாசம் என்பது உங்கள் ஒப்பந்தத்தில் உள்ளதுதான். நான் வாங்கப் போவதில்லை. மின்னஞ்சலில் இரண்டு வரியில் சொல்லியிருக்கலாம். ஆனால் உங்களுக்கு வருகிறவற்றை இப்போது வேறு யாரோ படித்துப் பிரித்துக் கொடுப்பதாகக் கேள்விப்பட்டேன். ஆகவே இங்கே எழுதுகிறேன். கிளம்பும்போது கையெழுத்திட்ட தாளில் என்னென்ன வெளியே பேசக்கூடாது என்று ஒரு பத்தி இருக்கிறது. அதை மீறுவதாக இல்லை. நிறுவனத்தின் பெயர், பணம் போட்டவர்களின் பெயர், தொகை எதுவும் இங்கே வராது. ஆவலோடு வந்திருக்கும் பழைய சகாக்கள் மன்னிக்கவும்.

கோபத்தில் விட்டுவிட்டாள் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது, அதனால் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பங்கை எடுக்க முதலில் நான் பணம் கட்ட வேண்டும். கட்டும் விலைக்கும் இன்றைய மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தை எனக்கு வந்த சம்பளமாக வைத்து வருமான வரி பிடிப்பார்கள். கையில் ஒரு ரூபாய் வந்திருக்காது, விற்கலாம் என்றால் வாங்க ஆளும் கிடையாது. 2020-இல் கொண்டுவந்த வரித் தள்ளிவைப்புச் சலுகை தகுதிச் சான்று பெற்ற ஸ்டார்ட்அப்புகளுக்கு மட்டும்தான். அங்கேயும் ஊழியர் வேலையை விட்டால் சலுகை முடிந்துவிடும். அம்மாவின் நகையை அடகு வைத்தால் கட்டலாம். அம்மா கொடுப்பார், அதுதான் பயம். தண்டையார்பேட்டை மாடி அறையில் உட்கார்ந்து “இது ஒருநாள் உனக்கு வீடாகும்” என்றீர்கள். பொய் என்று இப்போதும் சொல்ல மாட்டேன். யாருக்காவது ஆகட்டும்.

அந்த மாடி அறையில் நான்கு நாற்காலி, ஐந்து பேர். பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும் புதுமுகங்கள். வாசலில் என்னைப் பார்த்து “நீங்கள் யாரைப் பார்க்க வேண்டும்?” என்று கேட்ட பையனுக்கு நான்தான் நேர்முகத் தேர்வு நடத்தியிருக்க வேண்டும், அன்றைக்குத் துறைமுகத்தில் மாட்டிக்கொண்டேன். அலுவலகம் ஊரின் தெற்கே ஓ.எம்.ஆர் சாலைக்குப் போனபின், விடியலில் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் நின்றுவிட்டு பத்து மணிக் கூட்டத்துக்கு அங்கே போய்ச் சேர வேண்டும். மெட்ரோவில் கண்ணை மூடினால் என் மேல் அடிக்கும் மீன் வாசனைக்குப் பக்கத்து இருக்கை காலியாகும். அது வசதியாகவே இருந்தது.

எனக்கு அடிக்கடி நினைவு வருவது, பணம் போட வந்தவர்களைத் துறைமுகத்துக்கு நீங்கள் அழைத்து வந்த காலை. விசைப்படகுகளிலிருந்து மீன் இறங்கிக்கொண்டிருந்தது. கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு ஐஸ் தண்ணீரில் நின்றீர்கள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-இல் நம் இராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது, அடுத்தது நாங்கள் என்று வழக்கமான வசனத்தையும் சொன்னீர்கள். அவர்கள் ஷூ நனையாத இடம் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் நமக்கு மீன் வெட்டித் தரும் அக்கா ஒரு வஞ்சிரத்தைத் தூக்கினார். செவுள் மூடியை விரலால் நெம்பிக் காட்டினார். உள்ளே ரத்தச் சிவப்பு. கட்டை விரலால் முதுகை அழுத்தி எடுத்தார், பள்ளம் விழாமல் சதை எழும்பியது. இன்னொன்றை எடுத்தார். செவுள் பழுப்பு, அழுத்திய இடம் அப்படியே குழிந்து நின்றது. “இது ஐஸில் கிடந்து அழகாக இருக்கிறது, அவ்வளவுதான்” என்று ஓரமாகப் போட்டார். பேசிக்கொண்டே ஒரு கூடையைப் பிரித்து முடித்துவிட்டார். நீங்கள் ஒரு காலிக் கூடையைக் கவிழ்த்து, உங்கள் கைக்குட்டையை விரித்து அவரை உட்கார வைத்தீர்கள். அந்த ஒரு காரியத்துக்காகவே அடுத்த இரண்டு ஆண்டும் நான் உங்களுக்காக ஓடினேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

வந்தவரில் ஒருவர், “இவருக்குத் தெரிந்தது நூறு பேருக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டார். “எழுதி வைத்துவிடலாம்” என்றீர்கள். அந்த வாரமே அக்காவோடு உட்கார்ந்து செவுள் செவுளாகப் படம் எடுத்தேன். சிவப்பு, வெளிர் சிவப்பு, பழுப்பு, சாம்பல் என நான்கு தரம் பிரித்து ஒரு அட்டை. “என் கைக்குப் புத்தகம் போடுகிறாயா?” என்று கேட்டு அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

அந்த அட்டை செங்குன்றத்துப் புதுக் கிடங்கின் சுவரில் தொங்குகிறது. அக்காவும் அவரோடு அரிவாள்மணை போட்டு உட்கார்ந்திருந்த பெண்களும் அங்கே இல்லை. வரச் சொன்னோம், அவர்கள்தான் வரவில்லை என்பீர்கள். நாற்பது வயதுக்குள் இருக்க வேண்டும் என்று விதி போட்டது யார் அண்ணா? இதைச் சொல்லவும் நீங்கள் வரவில்லை. என்னை அனுப்பினீர்கள்.

உங்கள் பக்க நியாயம் எனக்குத் தெரியும். மாதாமாதம் ஆர்டர் ஏற வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் நம் கடலில் விசைப்படகு போகாது. ஃபைபர் படகுக்காரர்கள் கரையோரம் பிடித்து வருவது ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புக்குக்கூடக் காணாது. மேற்குக் கரையில் ஜூன் மாதம்தான் தடை தொடங்கும் என்பதால் கேரளத்திலிருந்து லாரியில் வரவழைத்தோம். லாரிக்கு நெடுஞ்சாலை ஓரக் கிடங்குதான் சரி, காசிமேட்டுச் சந்துகள் சரிப்படாது. இதையெல்லாம் உங்களுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவளே நான்தான். தவறாகப் போட்டுக் கொடுக்கவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதே கணக்கைத்தான் போடுவேன். அந்த வயது விதியைப் பற்றி மட்டும் அந்தக் கணக்கில் ஒரு வரியும் இருக்கவில்லை.

பாப்பாவின் காதுகுத்துக்கு வராததற்கு மன்னித்துவிடுங்கள். புடவை எடுத்து வைத்திருந்தேன். வந்திருந்தால் பந்தியிலேயே வாயைத் திறந்திருப்பேன், அண்ணி வருத்தப்பட்டிருப்பார். ஆனால் விசேஷம் இருக்கிறது என்று தெரிந்தும் அதே வாரத்தில் அந்தப் பெண்களின் பெயர்ப் பட்டியல் கேட்டது நீங்கள்தானே? வளையல் வாங்கி வைத்திருக்கிறேன். அளவு இந்நேரம் சிறியதாகியிருக்கும்.

பங்கு போகட்டும். அந்தப் பெண்களுக்கு மார்ச் மாத வெட்டுக்கூலி இன்னும் வரவில்லை. முன்பு சனிக்கிழமை மாலையில் நீங்களே நோட்டைப் பார்த்து எண்ணிக் கொடுப்பீர்கள். இப்போது கணக்குப் பிரிவில் கேட்டால், புது மென்பொருளில் இவர்களுக்குப் பதிவு எண் இல்லை, அதனால் பணம் போக வழியில்லை என்கிறார்கள். யார் எத்தனை கிலோ வெட்டினார்கள் என்று தேதிவாரியாக எழுதிய நோட்டு என்னிடம் இருக்கிறது. ஆள் அனுப்பினால் நகல் தருகிறேன். நீங்களே வருவதானால் காலை ஐந்து மணிக்குள் வாருங்கள். தடைக்காலம் முடிந்து படகுகள் கரை திரும்பத் தொடங்கிவிட்டன, ஏலம் ஆரம்பித்துவிட்டால் அவர்களுக்கு உங்களோடு பேச நேரம் இருக்காது.

இப்படிக்கு,
உங்கள் பழைய கொள்முதல்காரி