அனாகதம் அடைச்சிருக்குன்னு சொன்னாங்களா, வசு?

வசு,

உன் லெட்டர் செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்துச்சு. இந்தக் காலத்துல லெட்டரான்னு முதல்ல ஆச்சரியமா இருந்துச்சு, படிச்சு முடிச்சதும்தான் புரிஞ்சுது இதையெல்லாம் நீ போன்ல சொல்லியிருக்கவே மாட்டேன்னு. உன் வீட்டுக்காரர், அண்ணா, நம்மள விட்டுப் போய் அஞ்சு மாசம் ஆகப் போகுது, நீ இன்னும் அவர் சட்டையை மடிச்சு வச்சிட்டுத்தான் படுக்கறேன்னு எழுதியிருந்த பாரு, அந்த வரியை நான் நாலு தடவை படிச்சேன்டி.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். நெஞ்சு கனமா இருக்கு, மாடி ஏறினா மூச்சு வாங்குதுன்னு எழுதியிருக்க. அதுக்கு எந்த சக்கரத்தையும் பார்க்க வேண்டாம், நாளைக்கே போய் ஒரு ஈசிஜி எடு, சுகரும் பிபியும் பாரு. பிபி மாத்திரையை ரெண்டு நாளா நிறுத்தியிருக்கேன்னு போற போக்குல எழுதியிருக்கியே, இன்னிக்கே எடுத்துப் போடு. இது முடிஞ்ச பிறகுதான் மத்ததெல்லாம்.

இப்போ நீ போயிட்டு வந்த அந்த ரெண்டு நாள் சக்கர வகுப்பு விஷயம். உன்னைப் பார்த்த உடனே அனாகதம், அதாவது நெஞ்சுக்கு நேரா இருக்கற சக்கரம், அடைச்சிருக்கு, துக்கத்தைப் பிடிச்சு வச்சிருக்கீங்க, அதுதான் பிளாக், அதை உடைச்சாத்தான் சரியாகும்னு சொல்லிட்டாங்கன்னு எழுதியிருக்க. அதைக் கேட்டதிலேருந்து அவரை நினைச்சு அழுதாலே தப்பு பண்ற மாதிரி இருக்குன்னும் எழுதியிருக்க. எனக்கு இது தாங்கவே இல்ல வசு, அதான் உட்கார்ந்து இவ்ளோ நீளமா எழுதறேன்.

நான் ஆறு வருஷமா நாடி சுத்திங்கிற மூச்சுப் பயிற்சி பண்றேன், கூடவே கிடைச்சதையெல்லாம் படிக்கவும் செய்யறேன். எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் பழைய நூல்ல அடைப்புன்னு சொல்றது ரெண்டு விதம். ஒண்ணு நாடியில, அதாவது உடம்புக்குள்ள பிராணன் ஓடற வழியில, சேர்ற மலம், அதாவது அழுக்கு. உடம்புல 72,000 நாடி, அதுல முக்கியம் மூணு, இடப்பக்கம் இடகலை, வலப்பக்கம் பிங்கலை, நடுவுல சுழுமுனை. நாடியெல்லாம் அழுக்கு நிறைஞ்சு கிடந்தா காத்து நடுவழியில போகாதுன்னு ஹட யோக பிரதீபிகைங்கிற பழைய யோக நூல்ல ரெண்டாவது அத்தியாயத்துலயே வருது. இன்னொண்ணு கிரந்தி. நம்ம வீட்ல கிரந்தின்னா பச்சைக் குழந்தைக்கு வர்றதுன்னுதான் பாட்டி சொல்லுவாங்க, இது வேற, சமஸ்கிருதத்துல கிரந்தின்னா முடிச்சு. பிரம்ம கிரந்தி, விஷ்ணு கிரந்தி, ருத்ர கிரந்தின்னு மூணு முடிச்சு.

இது உனக்குப் புதுசே இல்லடி. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை லலிதா சகஸ்ரநாமம் சொல்றியே, அதுல சரியா 100வது நாமம் பிரம்மகிரந்தி விபேதினி, 102 விஷ்ணுகிரந்தி விபேதினி, 104 ருத்ரகிரந்தி விபேதினி. முதுகுத்தண்டு அடியில மூலாதாரத்துல ஒண்ணு, தொப்புள் பக்கம் மணிபூரகத்துல ஒண்ணு, புருவ மத்தியில ஆக்ஞையில ஒண்ணு, மூணையும் துளைச்சுட்டு மேல போறவ அம்பாள்னு இத்தனை வருஷமா உன் வாயாலதான் சொல்லிட்டு இருக்க. பிரதீபிகைக்கு உரை எழுதினவர் இடத்தையே மாத்தி பிரம்ம கிரந்தி அனாகதத்துல, விஷ்ணு கிரந்தி தொண்டையில, ருத்ர கிரந்தி புருவ மத்தியிலன்னு சொல்றார். பெரியவங்களுக்குள்ளயே இடம் ஒத்துப் போகல, அப்படியிருக்க ஒருத்தர் உன் முகத்தைப் பார்த்து பத்து நிமிஷத்துல இந்த இடத்துல அடைப்புன்னு கை வச்சு எப்படிச் சொல்ல முடியும்?

அந்த கலர் சார்ட் போட்டோவும் பார்த்தேன், அனாகதம் பச்சைன்னு போட்டிருக்கு. ஆறு சக்கரத்தையும் விவரிக்கிற ஷட் சக்ர நிரூபணம் 1577ல பூர்ணானந்தர் எழுதினது, கல்கத்தா ஹைகோர்ட்ல ஜட்ஜா இருந்த உட்ராஃப் அதை 1919ல இங்கிலீஷ்ல கொண்டு வந்தார். அதுல அனாகதத்துக்கு 12 இதழ், இதழெல்லாம் சிவப்பு, நடுவுல வாயு மண்டலம் புகை நிறம். வானவில் வரிசையில ஏழு கலர் கொடுத்தது, ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு மனக்கஷ்டத்தைப் பிரிச்சுக் கொடுத்தது, இதெல்லாம் மேல்நாட்டுல போன நூற்றாண்டுல வந்து சேர்ந்தது. அதனால அதுல ஒண்ணுமே இல்லன்னு நான் சொல்லல, ஆனா அது சாஸ்திரம்னு சொல்லி உன்னைப் பயமுறுத்தினா அது தப்பு.

இருதய முடிச்சுன்னே ஒண்ணு இருக்கு, முண்டக உபநிஷத்துல. பரம்பொருளைக் கண்டவனுக்கு இருதய கிரந்தி அறுந்து போகும், சந்தேகமெல்லாம் தீரும்னு வருது. அங்க சொல்ற முடிச்சு அறியாமையால வந்தது, 34 வருஷம் கூட இருந்த மனுஷனுக்காக அழறது இல்ல. துக்கம் அழுக்கு இல்ல வசு. அதைச் சுத்தம் பண்ணணும்னு யாரும் உன்கிட்ட சொல்ல வேண்டியதில்ல.

உடைக்கணும்கிற வார்த்தைதான் எனக்கு ரொம்ப உறுத்துது. விபேதினின்னா துளைக்கிறவதான், பஸ்திரிகா, அதாவது துருத்தி மாதிரி வேகமா மூச்சு விடற பயிற்சி, மூணு கிரந்தியையும் துளைக்கும்னு பிரதீபிகையிலயும் இருக்கு, அதை நான் மறைக்கல. ஆனா அது எதுக்கு அப்புறம் வருதுன்னு பாரு. முதல்ல மாத்தி மாத்தி மூச்சு இழுத்து விடற நாடி சுத்தி, அதை மூணு மாசத்துக்கு மேல பண்ணினாத்தான் நாடி சுத்தமாகும்னு சொல்லிட்டு அப்புறம்தான் பஸ்திரிகா வருது. சிங்கம் யானை புலியையெல்லாம் எப்படி மெல்ல மெல்லப் பழக்குவாங்களோ அப்படித்தான் மூச்சையும் பழக்கணும், இல்லேன்னா அது பழகறவனையே கொன்னுடும்னு வெளிப்படையாவே எழுதியிருக்கு. தப்பா பண்ணினா விக்கல், இருமல், தலைவலி, காதுவலி, கண்வலி வரும்னும் அடுத்ததாவே வருது. நான் முதல் வருஷம் வீடியோ பார்த்து அவசரமா பஸ்திரிகா பண்ணி தலை சுத்தி ரெண்டு நாள் படுத்தே கிடந்தேன், அப்புறம்தான் எங்க தெருக் கடைசியில இருக்கற ரிட்டயர்டு வாத்தியார்கிட்ட போய் முதல்லேருந்து கத்துக்கிட்டேன்.

ஹாஸ்டல்ல ஞாயித்துக்கிழமை எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சுட்டு உன் முடிக்கு நான் சிக்கெடுப்பேனே, ஞாபகம் இருக்கா? இடுப்புக்குக் கீழ வரைக்கும் தொங்கும். உச்சியிலேருந்து சீப்பைப் போட்டு இழுத்தா கொத்தா பிஞ்சு வரும்னு நுனியைப் பிடிச்சு கொஞ்சம் கொஞ்சமா மேல வருவேன், ஒரு மணி நேரம் ஆகும், நீ பாட்டுக்கு கதை சொல்லிட்டு இருப்ப. கிரந்திக்கும் அதே மாதிரிதான், கீழேருந்து ஒண்ணொண்ணா. விநாயகர் அகவல்ல ஔவையாரும் மூலாதாரத்துல மூண்டெழு கனலைக் காலால் எழுப்பச் சொல்லிக் கொடுத்தான்னுதான் பாடறாங்க, கால்னா அங்க காத்து, ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணினப்போ நம்ம ரெண்டு பேரும் காலால உதைக்கிறதுன்னு நினைச்சோமே.

திருமூலர் கணக்கு உனக்குத் தெரிஞ்சிருக்கும், மூச்சை 16 மாத்திரை நேரம் இழுத்து 64 நிறுத்தி 32ல விடறது, மாத்திரைன்னா இங்க கால அளவு. தயவுசெஞ்சு அதைத் தனியா ஆரம்பிக்காத, பிபி இருக்கறவங்க மூச்சை அடக்கவே கூடாதுன்னு எங்க வாத்தியார் சொல்லுவார். நான் பண்றது ரொம்ப சாதாரணம். காலையில வெறும் வயித்துல நிமிர்ந்து உட்கார்ந்து, இடது மூக்குல நாலு எண்ணி இழுத்து வலதுல எட்டு எண்ணி விடுவேன், அப்புறம் வலதுல இழுத்து இடதுல விடுவேன், நடுவுல நிறுத்தவே மாட்டேன், மொத்தம் பத்து சுத்து. சில நாள் ஒரு பக்க மூக்கு அடைச்ச மாதிரி இருக்கும், அதுக்குப் பயப்படாத, சில மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாறி ஓடறது மூக்கோட இயல்பு, நம்ம ஊர்ல சரம், அதாவது மூச்சு எந்தப் பக்க மூக்குல ஓடுதுன்னு பார்க்கறவங்க காலங்காலமா சொன்னதுதான், 1895லயே ஒரு ஜெர்மன் டாக்டரும் எழுதி வச்சிருக்கார்.

இதைப் பண்ணி எனக்கு குண்டலினி எழும்பிச்சு, ஒளி தெரிஞ்சுதுன்னு எல்லாம் சொல்ல மாட்டேன். ராத்திரி மூணு மணிக்கு முழிச்சு படபடன்னு அடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பேனே, பையன் வெளிநாடு போன வருஷம், அது நின்னுச்சு. மூச்சு நீளமாச்சு, கோபம் வந்தா வர்றதுக்கு ஒரு நொடி முன்னாடியே தெரியுது. எனக்கு அது போதும்.

அடுத்த லெவல் வகுப்புக்கு இருபதாயிரம் கட்டச் சொல்றாங்கன்னு எழுதியிருந்தியே, கட்டாத. பேங்க்ல அப்படியே இருக்கட்டும், அண்ணா சேர்த்து வச்சது.

இங்க எல்லாரும் சௌக்கியம். பெரியவளுக்கு வளைகாப்பு பங்குனி கடைசியில வச்சிருக்கோம், நீ வந்தே ஆகணும், துக்க வீடுன்னு யாராவது ஏதாவது சொன்னா நான் பார்த்துக்கறேன். அதுக்கு முன்னாடி வர்ற வெள்ளிக்கிழமை நான் கும்பகோணம் வரேன். சாயங்காலம் சேர்ந்து சகஸ்ரநாமம் சொல்லலாம், மறுநாள் காலையில அந்தப் பத்து சுத்தை நான் பக்கத்துல உட்கார்ந்து சொல்லித் தரேன், நடுவுல அழுகை வந்தா அழு, நிறுத்திட்டு அப்புறம் பண்ணிக்கலாம். சட்டையை எடுத்து உள்ள வைன்னு நான் சொல்ல மாட்டேன்.

ஈசிஜி ரிப்போர்ட்டை எடுத்து வை, நான் பார்க்கணும். பஸ் ஸ்டாண்டுக்கு யாரையும் அனுப்பாத, நானே ஆட்டோ பிடிச்சு வந்துடறேன்.

உன்
கலா