தங்கைக்குச் சம்பளம், அக்காவுக்குக் கட்டணம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல்கலைக்கழகத்துக்குப் பிள்ளைகளை அனுப்பப்போகும் பெற்றோருக்காகச் சென்ற வாரம் நீங்கள் வெளியிட்ட கட்டுரையை, மாலை வேலை முடிந்து வந்து இரவு பன்னிரண்டு மணிக்கு வாசித்தேன். படிப்பும் சம்பள வேலையும் மாறி மாறி வரும் 'கோ-ஒப்' படிப்பைப் பற்றி அதில் நான்கே வரி. படித்துக்கொண்டே உழைக்கலாம், முடித்ததும் வேலை நிச்சயம் என்பது அதன் சாரம். உழைக்கலாம் என்பது உண்மை. வேலை நிச்சயம் என்று எந்தப் பல்கலைக்கழகமும் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்ததை நான் கண்டதில்லை. ஆனால் நான் எழுத வந்தது அதைப் பற்றி மட்டுமல்ல.

எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். இளையவள் இங்கே கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலுள்ள வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் படிக்கிறாள். மூத்தவள் ரொறன்ரோவில் தாதியியல் பட்டப்படிப்பை இந்த வருடம் முடித்தாள். தை மாதத்திலிருந்து சித்திரை வரை இரண்டு பேரும் ஸ்காபரோவில் எங்கள் வீட்டிலிருந்தே வேலைக்குப் போனார்கள். சில காலைகளில் ஒரே பஸ்ஸில். இளையவளுக்கு மணித்தியாலத்துக்கு 28 டொலர். மூத்தவளுடையது மருத்துவமனைப் பயிற்சி, அதற்கு ஒரு சதமும் இல்லை. அது மட்டுமா, அந்தத் தவணைக்கான படிப்புக் கட்டணத்தை நாங்கள்தான் கட்டினோம்.

இளையவளின் கதையை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் கோ-ஒப் என்றால் என்ன என்று நம்மில் பலருக்கு இன்னும் தெளிவாகத் தெரியாது. 'கூட்டுறவுக் கல்வி' என்று நான் தமிழில் சொன்னபோது என் மாமா ஊர்க் கூட்டுறவுச் சங்கக்கடையை நினைத்துக்கொண்டு, "அங்கே என்ன, சீனி நிறுக்கவா பழக்குகிறார்கள்?" என்று கேட்டார். அவள் 2023 செப்டெம்பரில் சேர்ந்தாள். நான்கு மாதம் படித்தாள். 2024 தையில், பதினெட்டு வயதில், ஒரு தவணைப் படிப்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு முழுநேர வேலைக்குப் போனாள். திரும்பி வந்து நான்கு மாதம் படிப்பு, மறுபடி நான்கு மாதம் வேலை. இப்படியே பட்டம் முடிய ஏறத்தாழ ஐந்து வருடம் ஆகும். படிப்புத் தவணை எட்டு, வேலைத் தவணை ஆறு வரை. கொண்டாட்ட வீடுகளில் என் மச்சாள்மார் கேட்பதற்கு இப்போது பதில் பாடமாகிவிட்டது: "இல்லை, படிப்பை நிறுத்தவில்லை. இல்லை, பாடம் தவறவில்லை. ஐந்து வருடம்தான்."

அந்த வேலையைப் பல்கலைக்கழகம் தட்டில் வைத்துக் கொடுப்பதில்லை. வேலைகளின் பட்டியல் ஒரு இணையதளத்தில் வரும். பிள்ளை விண்ணப்பிக்க வேண்டும், நேர்முகத்துக்குப் போக வேண்டும். பிறகு நிறுவனம் தனக்குப் பிடித்த மாணவர்களை வரிசைப்படுத்தும், மாணவர் தனக்குப் பிடித்த வேலைகளை வரிசைப்படுத்துவார், கணினி இரண்டையும் பொருத்திப் பார்த்து முடிவு சொல்லும். சாதகப் பொருத்தம் பார்ப்பது போலத்தான் என்று நான் சொன்னபோது இளையவள் சிரிக்கவில்லை. இரண்டாவது வேலைத் தவணைக்கு அவள் 68 இடங்களுக்கு விண்ணப்பித்தாள். கடைசியில் கிடைத்தது ஒட்டாவாவில். வாட்டர்லூவில் எடுத்திருந்த அறையை வேறொரு மாணவருக்கு நான்கு மாதத்துக்குக் கைமாற்ற ஆள் தேடி, கிடைக்காமல், இரண்டு ஊரிலும் வாடகை கட்டினாள். உழைத்த காசில் பெரும்பகுதி அதிலேயே போனது. கோ-ஒப் சம்பளத்தை வைத்து வீட்டுக் கடனைக் கட்டலாம் என்று கணக்குப் போடும் பெற்றோர் இதையும் கணக்கில் சேர்க்கட்டும். வேலைத் தவணையில் படிப்புக் கட்டணம் இல்லை. ஆனால் கோ-ஒப்புக்கென்று தனிக் கட்டணம் ஒன்று படிப்புத் தவணைகளில் வரும்.

முதல் வேலை மோசம். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். பழைய மின்சுற்று வரைபடங்களைத் தாளிலிருந்து கணினிக்கு ஏற்றுவதுதான் முழு நான்கு மாதமும். மணிக்கு 21 டொலர். இரண்டாம் வாரம் தொலைபேசியில் அழுதாள். எட்டாம் வாரம், ஒரு வரைபடத்தில் இருந்த பிழையைக் கண்டுபிடித்து அங்கிருந்த ஒரு முதிய தொழில்நுட்பரிடம் காட்டியிருக்கிறாள். அவர் பேசாமல் அவளைக் கூட்டிக்கொண்டுபோய் அந்தப் பிழையோடு பதினைந்து வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தைக் காட்டினாராம். அன்றிரவு நெடுநேரம் பேசினாள். எனக்கு விளங்கியது பாதிதான். ஆனால் அடுத்த தவணை வகுப்பில் அவள் கேட்ட கேள்விகள் வேறு மாதிரி இருந்தன என்று அவளே சொன்னாள். இந்த ஏற்பாட்டின் நல்ல பக்கம் அதுதான் என்று நினைக்கிறேன். வேலை கடைசியில் வந்தால் அது வெறும் பயிற்சி. நடுவில் வந்தால் மிச்சப் படிப்பையே மாற்றிவிடுகிறது.

இது வாட்டர்லூவின் கண்டுபிடிப்பும் அல்ல. 1906இல் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹேர்மன் ஷ்னைடர் என்ற பேராசிரியர் 27 மாணவர்களோடு தொடங்கியது. ஒரு வாரம் ஒருவன் வகுப்பில், அவன் இணை தொழிற்சாலையில். மறுவாரம் இடம் மாறுவார்கள். வாட்டர்லூவில் 1957இல் ஆரம்பித்தபோது மாணவர்கள் 74 பேர். பின்னால் நின்றவர்களில் ஒருவர் ஐரா நீடில்ஸ், அந்த ஊர் டயர் கம்பனியின் தலைவர். பொறியியலாளர் தட்டுப்பாடு என்று தொழிலதிபர்கள் பயந்த காலம் அது. தட்டுப்பாடு வந்தபோது அவர்கள் செய்த முதல் வேலை, மாணவர்களுக்குச் சம்பளம் கொடுத்து வரவழைத்தது. இந்த இடத்தை வாசகர்கள் கொஞ்சம் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

ஏனென்றால் இன்றைக்கு ஒன்ராறியோவில் தாதியருக்குத் தட்டுப்பாடு. நான் முதியோர் இல்லமொன்றில் பராமரிப்புப் பணியாளராக இருபது வருடமாக வேலை செய்கிறேன். இதை எனக்கு யாரும் பத்திரிகையில் எழுதிச் சொல்லத் தேவையில்லை. இந்தத் தட்டுப்பாட்டுக்கு நாம் செய்திருப்பது என்ன? மூத்தவளின் கணக்கைப் பாருங்கள்.

கடைசித் தவணையில் ஒரு மருத்துவமனையின் நோயாளர் விடுதியில் அவள் 36 முறைக் கடமை செய்தாள். ஒவ்வொன்றும் பன்னிரண்டு மணித்தியாலம். மொத்தம் 432. இரவுக் கடமையும் உண்டு, சனி ஞாயிறும் உண்டு. ஒன்ராறியோவின் அப்போதைய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 17 டொலர் 60 சதம் என்று வைத்தாலே 7,600 டொலர் வருகிறது. அதற்கு முன் பொலிஸ் சான்றிதழ், தடுப்பூசிப் பதிவுகள், முகக்கவசப் பொருத்தச் சோதனை, முதலுதவிச் சான்றிதழ், சீருடை, சப்பாத்து எல்லாம் சொந்தச் செலவு. வார இறுதியில் ஒரு மருந்துக்கடையில் செய்துவந்த வேலையையும் விட்டாள். அதே நான்கு மாதத்தில் தங்கை வாரம் 37.5 மணி, 16 வாரம், 28 டொலர் வீதம் 16,800 டொலர் உழைத்தாள். இரண்டு பேரையும் பெற்றவள் நான். இரண்டு பேருடைய வேலையும் எனக்குத் தெரியும். எது கடினம் என்று என்னைக் கேட்காதீர்கள்.

இது சட்டவிரோதமும் இல்லை. பல்கலைக்கழகமோ கல்லூரியோ அங்கீகரித்த திட்டத்தின் கீழ் வேலை செய்யும் மாணவரை ஒன்ராறியோவின் வேலைத் தரச் சட்டம் தன் பாதுகாப்புக்கு வெளியே வைத்திருக்கிறது. ஆசிரியப் பயிற்சியிலும் குறைந்தது 80 நாட்கள் வகுப்பறையில் நிற்க வேண்டும், அதற்கும் சம்பளம் இல்லை. சமூகப்பணி படிக்கும் என் பெறாமகளுக்கும் இதே கதைதான். இந்தப் படிப்புகளில் பெரும்பாலும் பெண் பிள்ளைகள் இருப்பது தற்செயல் என்று நினைக்க நான் தயாரில்லை.

இளையவளுக்குச் சம்பளம் கொடுத்தது அந்த நிறுவனத்தின் பெருந்தன்மை மட்டும் என்றும் எண்ண வேண்டாம். கோ-ஒப் மாணவரை வைத்திருக்கும் நிறுவனத்துக்கு ஒன்ராறியோ அரசு அந்தச் செலவில் 25 முதல் 30 சதவீதம் வரை, ஒரு வேலைத் தவணைக்கு 3,000 டொலர் உச்சமாக, வரிச்சலுகை கொடுக்கிறது. மத்திய அரசிடமும் மாணவர் சம்பளத்துக்கு மானியம் கொடுக்கும் திட்டம் இருக்கிறது. அது என்னுடைய வரிப்பணமும்தான். கொடுப்பதில் எனக்கு வருத்தமில்லை. பொறியியலுக்குத் திறக்கும் பெட்டி, ஆஸ்பத்திரி வாசலில் ஏன் பூட்டிக்கொள்கிறது என்றுதான் கேட்கிறேன்.

இதற்கு வழக்கமாக வரும் பதில் எனக்குத் தெரியும். தாதிய மாணவி வேலை செய்யவில்லை, கற்றுக்கொள்கிறாள்; அவளைக் கண்காணிக்கும் தாதிக்கு அவள் சுமை; நோயாளியின் உயிர் சம்பந்தப்பட்டது. முதல் மூன்று வாரத்துக்கு இது முழு உண்மை. புதியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்வது எவ்வளவு மெதுவாகப் போகும் என்று எனக்கும் அனுபவம் உண்டு. ஆனால் ஆறாம் வாரத்தில் மூத்தவள் நான்கு நோயாளிகளைப் பார்த்தாள், மருந்து கொடுத்தாள், குறிப்பு எழுதினாள்; கண்காணித்த தாதி கையெழுத்து வைத்தார். வரைபடம் ஏற்றிய தங்கை முதல் நாளிலிருந்தே பெரிய லாபம் கொண்டுவந்தாளா என்ன? அவளுக்கும் கற்றுக்கொள்ளத்தானே காசு கொடுத்தார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒன்ராறியோவில் தாதிய மாணவர்களை மருத்துவமனைகள் 'எக்ஸ்டேர்ன்' என்ற பெயரில் சம்பளத்துக்கு எடுக்கும் திட்டம் ஒன்று கொரோனா நோய்த்தொற்றுக் காலத்தில் வந்தது. மூத்தவள் மூன்றாம் வருடக் கோடையில் அப்படி வேலை செய்தாள். நல்ல திட்டம். ஆனால் அந்த மணித்தியாலங்கள் பட்டத்துக்கான பயிற்சிக் கணக்கில் சேராது. சம்பளம் வாங்கினால் அது படிப்பில்லை, படிப்பென்றால் சம்பளமில்லை. கோ-ஒப்பில் இரண்டும் ஒன்றாக இருக்கலாம் என்று 1906இலேயே ஒருவர் காட்டிவிட்டாரே! தாதியியல் படிப்புக் கட்டணத்தை அரசே ஏற்கும் உதவித் திட்டம் ஒன்றும் இருக்கிறது. அது வடக்கு, கிழக்கு, தென்மேற்கு ஒன்ராறியோவில் படித்து, அங்கேயே வேலை செய்யச் சம்மதிப்பவர்களுக்கு. ரொறன்ரோ அதில் இல்லை.

எனக்கு இந்தக் கோபம் ஏன் இவ்வளவு என்று நீங்கள் நினைக்கலாம். 1993இல் யாழ்ப்பாணத்தில் நான் பயிற்சித் தாதியாகச் சேர்ந்தேன். போரும் பொருளாதாரத் தடையும் இருந்த காலம். மின்சாரம் கிடையாது, ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். பஞ்சையும் பண்டேஜையும் எண்ணி எண்ணிப் பாவித்தோம். அப்போதும் பயிற்சித் தாதியருக்கு மாதாமாதம் ஒரு கொடுப்பனவு உண்டு. சில மாதம் பிந்தும், வராமல் போகாது. முதல் மாதக் காசில் அம்மாவுக்கு இரண்டு கட்டி சன்லைட் சவர்க்காரம் வாங்கினேன், அந்த நாளில் அதன் விலை அறிந்தவர்களுக்கு விளங்கும். 1995 இடப்பெயர்வோடு என் பயிற்சி நின்றது, பிறகு தொடரக் கிடைக்கவில்லை. மூத்தவளின் பட்டச் சான்றிதழைச் சுவரில் மாட்டும்போது அதைப் பற்றி அவளிடம் சொன்னேன். "அம்மா, உங்களுக்குக் காசு தந்தார்களா?" என்று கேட்டாள். அவளுக்குத் தடையும் விளக்கும் பெரிதாகப் படவில்லை. காசு தந்ததுதான் நம்ப முடியவில்லை.

மற்ற இடங்களில் இது அசைந்திருக்கிறது. 2019இல் கியூபெக் மாணவர்கள் சம்பளமில்லாப் பயிற்சியை எதிர்த்து வகுப்புகளைப் பகிஷ்கரித்தார்கள். அதன் பின் ஆள் பற்றாக்குறையுள்ள பொதுத்துறைத் தொழில்களுக்குப் படிப்பவர்களுக்கு அந்த அரசு பயிற்சி உதவித்தொகை கொண்டுவந்தது. ஆஸ்திரேலியாவில் 2025 ஜூலையிலிருந்து தாதியர், மருத்துவிச்சியர், ஆசிரியர், சமூகப்பணி மாணவர்களுக்குப் பயிற்சிக் காலத்தில் வாரம் 330 ஆஸ்திரேலிய டொலருக்கு மேல் கொடுக்கிறார்கள், வருமானம் பார்த்துத்தான். சிட்னியில் இருக்கும் என் தங்கையின் மகள் அந்தப் பட்டியலில் இருக்கிறாள். இரண்டும் சம்பளம் அல்ல, உதவிதான். ஆனாலும் வெறுங்கையல்ல.

நமது பத்திரிகைகள் ஒவ்வொரு வருடமும் பல்கலைக்கழகம் புகும் பிள்ளைகளின் படங்களைப் போடுகின்றன. தேர்தல் வந்தால் நமது வேட்பாளர்களின் படங்களையும் போடுகின்றன. அவர்கள் உங்கள் அலுவலகத்துக்கு வரும்போது இந்த ஒரு கேள்வியையாவது கேளுங்கள்: வரிச்சலுகையை மருத்துவமனைப் பயிற்சிக்கும் நீட்டுவீர்களா, இல்லையா? பதிலை முதல் பக்கத்தில் போடாவிட்டாலும் பரவாயில்லை, திகதியோடு போடுங்கள்.

மூத்தவள் 36 கடமைகளையும் நாள், நேரத்தோடு ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தாள். அந்தப் பக்கங்களின் பிரதியை இத்துடன் அனுப்புகிறேன். மருத்துவமனையின் பெயரை நான் மையால் அழித்திருக்கிறேன், அங்கே அவளை நன்றாகத்தான் நடத்தினார்கள். இடமிருந்தால் வெளியிடுங்கள். என் பெயர் வேண்டாம். பிள்ளை வேலைக்கு விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
இரு பெண் பிள்ளைகளின் தாய்,
ஸ்காபரோ.