ஐந்து வகுப்பு, இரண்டு டீச்சர்

ஆசிரியருக்கு வணக்கம்.

குலசேகரத்துக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவன் நான். இருட்டோடு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவேன். பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விடுவது அவள் பாட்டி; சாயங்காலம் கூட்டி வருவது நான். நான்காம் வகுப்பு. போன வாரம் “இன்னைக்கு என்ன மக்களே படிச்சே?” என்று கேட்டேன். “நான் படிக்கல தாத்தா, ஒண்ணாம் கிளாசுக்குப் படிச்சுக் கொடுத்தேன்” என்றாள். பெருமையாகத்தான் சொன்னாள்.

அன்றைக்கு ஒரு டீச்சர் பயிற்சிக்குப் போய்விட்டார். மிச்சம் இருந்தவர் ஒருவர், வகுப்போ ஐந்து. அவரைக் குறை சொன்னால் நாக்கு அழுகிப்போகும்.

எங்கள் அரசுத் தொடக்கப் பள்ளியில் 31 பிள்ளைகள். 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்றுதான் 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. ஆக, சட்டப்படி ஒரு குறையும் இல்லை. 16 பிள்ளைக்கு ஒரு டீச்சர், நாகர்கோவிலில்கூடக் கிடைக்காத வசதி! ஆனால் பாடப்புத்தகம் தலையை எண்ணியா வருகிறது? வகுப்புக்கு வகுப்பு வேறாகத்தானே வருகிறது?

‘ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாகத் தனியார் பள்ளியில் 25 சதவீத இடம் இருக்கிறதே, அதில் சேர்த்திருக்கலாமே’ என்றார் தோட்டத்துச் சூப்பர்வைசர். அதற்கு வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்க வேண்டும். என் வீட்டைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்கு ரப்பரும் குரங்கும்தான்.

இந்தப் பகுதி திருவிதாங்கூரில் இருந்தபோது, 1817-லேயே, கல்விச் செலவை அரசே ஏற்கும் என்று ராணி கௌரி பார்வதி பாய் உத்தரவு போட்டாராம். டீச்சர் சொல்லித்தான் எனக்கே தெரியும். அந்த மண்ணில் இருந்துகொண்டு நான் கேட்பது பெரிதல்ல. மலையோரப் பள்ளிகளுக்குத் தலைக்கணக்குப் பார்க்காமல் மூன்றாவது ஆசிரியர் வேண்டும். அதற்கு நாளாகும் என்றால் சரி, பயிற்சிக்கோ தேர்தல் வேலைக்கோ ஒருவர் போகிற நாளிலாவது வேறு பள்ளியிலிருந்து மாற்று ஆள் அனுப்புங்கள்.

அடுத்த மாதமும் பயிற்சி உண்டாம். ஒன்றாம் வகுப்புக்குச் சொல்ல என்னிடம் இப்போதே கதை கேட்டுக்கொண்டிருக்கிறாள் பேத்தி.

— ஒரு பால்வெட்டுத் தொழிலாளி,
கன்னியாகுமரி மாவட்டம்