நிதியைக் குறைக்கிறீர்கள், கையையாவது அவிழ்த்துவிடுங்கள்

நிதி ஒதுக்கீட்டை முடிவு செய்யும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஒதுக்கீட்டைக் குறைத்து நீங்கள் அனுப்பும் ஆணைகளில், இருக்கும் வளங்களைக் கொண்டு புதுமையாகச் செயல்படச் சொல்லும் வரி ஒன்று தவறாமல் இருக்கிறது. அந்த வரியை மனதார ஏற்கிறேன். அதைச் செய்யவிடாமல் தடுப்பது அதே ஆணையின் மற்ற பத்திகள்தான்.

எங்கள் பொதுச்சேவை அலுவலகக் கவுன்டருக்கு வருகிறவர்களில் பலர் புது மனு கொடுக்க வருவதில்லை. "போன மாசம் கொடுத்தேனே, என்ன ஆச்சு?" என்று கேட்க வருகிறார்கள். பதில் சொல்ல ஊழியர் எழுந்துபோய்க் கோப்பைத் தேட வேண்டும். அதுவரை மேசையில் இருக்கும் மனு நகராது. அந்த மனுவுக்கு உரியவரும் அடுத்த மாதம் இதே கேள்வியோடு வந்து நிற்பார். முதல் தடவையே சரியாக முடிக்காததால் பிறக்கும் இந்த வீண்வேலையைப் பற்றித்தான் பிரிட்டனின் மேலாண்மைச் சிந்தனையாளர் ஜான் செடன் பல ஆண்டுகளாகப் பேசிவருகிறார். முடிவு எந்தத் தேதிக்குள் வரும், யாரைக் கேட்கலாம் என்பதை ஒப்புகைச் சீட்டிலேயே எழுதித் தர ஆரம்பித்தோம். வரிசை குறைந்தது. யோசனை சொன்னவர் கவுன்டரில் உட்காரும் ஊழியர். ஆள் பற்றாக்குறையில் சோர்ந்து கிடந்த அந்தப் பிரிவில், நாம் யாருக்காக வேலை பார்க்கிறோம் என்ற பேச்சு மறுபடி எழுந்தது.

அதற்குக் கிடைத்த பரிசு? வேலைதான் குறைந்துவிட்டதே என்று அங்கிருந்த காலிப்பணியிடத்தை ரத்து செய்துவிட்டீர்கள்.

அமெரிக்கப் பொது நிர்வாக அறிஞர் சார்லஸ் லெவின் 1978-லேயே இதை எழுதிவிட்டார். ஏற்கெனவே சிக்கனமாக நடக்கும் அலுவலகத்துக்குத்தான் வெட்டு அதிகம் வலிக்கும். அங்கே குறைக்கக் கொழுப்பே இருக்காது. எல்லோருக்கும் ஒரே சதவீதம் என்பது பார்வைக்கு நியாயமாகத் தெரியலாம். உண்மையில் மிச்சம் பிடித்தவரைத் தண்டித்து, ஊதாரியைக் காப்பாற்றும் ஏற்பாடு அது.

பிரேசிலின் குரிச்சிபா நகரத்தையும் பாருங்கள். குப்பை லாரி நுழைய முடியாத குறுகலான குடியிருப்புகள் அங்கே இருந்தன. ஜெய்மி லெர்னர் மேயராக இருந்த 1989–92 காலத்தில், மக்களே குப்பையைக் கொண்டுவந்து கொடுத்தால் பேருந்துச் சீட்டும், பிறகு விவசாயிகளிடம் தேங்கிய காய்கறியும் மாற்றாகக் கிடைத்தன. லாரியை ஓட்டுவதே தங்கள் வேலை என்று நகர நிர்வாகத்தினர் நினைத்திருந்தால் இது தோன்றியிருக்காது. தெரு சுத்தமாக வேண்டும் என்று நினைத்ததால் தோன்றியது. இதே யோசனையோடு நான் வந்தால், குப்பைக்கான கணக்குத் தலைப்பில், அதாவது அந்தச் செலவுக்கென்றே ஒதுக்கிய பணத்தில், காய்கறி வாங்க முடியாது என்று கோப்பு திரும்பி வரும்.

ஆகவே தலைப்புக்குத் தலைப்பு பணத்தை மாற்றிக்கொள்ள எங்களுக்கு அதிகாரம் தாருங்கள். கணக்கை வரிக்கு வரி தணிக்கை செய்யுங்கள், அதில் ஆட்சேபணை இல்லை. மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கையாவது அடுத்த ஆண்டுக்கு எங்களிடமே விடுங்கள். இப்போது நிதியாண்டின் கடைசி வாரங்களில், செலவாகாத பணம் திரும்பப் போய்விடுமே என்ற பயத்தில் தேவையற்ற நாற்காலிகள் வாங்கப்படுகின்றன.

எவ்வளவு யோசித்தாலும் சில வெட்டுகளை ஈடுகட்ட முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ளுங்கள். அப்போது புதுமை என்ற வார்த்தையை விட்டுவிட்டு, எந்தச் சேவை நிற்கப்போகிறது என்பதை ஆணையிலேயே எழுதிக் கையெழுத்திடுங்கள். அதை மக்களிடம் நாங்கள் சொல்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு பொதுச்சேவை அலுவலக மேலாளர்