ஹம்பேர்க் பயணம்: பெற்றோருக்குக் கடிதம்

அன்பான பெற்றோருக்கு வணக்கம்.

அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை, 4ஆம் வகுப்பு முதல் 7ஆம் வகுப்பு வரையான பிள்ளைகளை ஹம்பேர்க்கில் உள்ள மினியட்டூர் வுண்டர்லாண்ட் என்ற மாதிரி ரயில் காட்சியகத்துக்கு அழைத்துப் போகிறோம். விளையாட்டு ரயில் பார்க்க ஒரு முழு நாள் வேண்டுமா என்று சிலர் கேட்டீர்கள். கட்டாயம் வேண்டும்.

ஒருகாலத்தில் கோப்பியும் தேயிலையும் வாசனைப் பொருட்களும் மூட்டை மூட்டையாய் அடுக்கியிருந்த பழைய செங்கல் கிடங்குகள் துறைமுகத்தை ஒட்டி இருக்கின்றன. அங்கேதான் பிரவுன் என்ற இரட்டைச் சகோதரர்கள் 2001இல் இதைத் திறந்தார்கள். உலகின் மிகப் பெரிய மாதிரி ரயில்பாதை என்று கின்னஸில் இடம் பெற்றது. ஓடும் ரயில்கள் ஆயிரத்துக்கும் மேல்.

அங்கே எல்லாமே நிஜ அளவில் 87இல் ஒரு பங்கு. ஜெர்மனியில் உண்மையான தண்டவாளங்களின் இடைவெளி 1,435 மில்லிமீட்டர். 87ஆல் வகுத்தால் 16.5 வரும். 6ஆம் வகுப்பில் இந்தக் கணக்கைப் போட்டோம். அப்புறம் பிள்ளைகள் தாங்களாகவே தங்கள் உயரத்தையும் வகுத்துப் பார்த்தார்கள். இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லை என்று வந்ததும் வகுப்பே கலகலத்துவிட்டது.

எனக்கு ரயில்களை விட அங்குள்ள சாலைகள்தான் பெரிய அதிசயம். விரல் நீள லொறி தானாக வளைவில் திரும்புகிறது, ஆனால் தண்டவாளம் எதுவும் கண்ணில் படாது. சாலைக்குள் ஒரு கம்பி புதைந்திருக்கிறது. முன் சக்கரங்களோடு சேர்ந்த சிறு காந்தம் அந்தக் கம்பி போகும் வழியே சக்கரங்களைத் திருப்பிவிடுகிறது. விமான நிலையத்தில் விமானங்கள் ஓடுபாதையில் ஓடி மேலெழுந்து சுவருக்குள் மறைகின்றன. எது அவற்றைத் தாங்குகிறது என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும், தயவுசெய்து முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். சுமார் கால் மணி நேரத்துக்கு ஒருமுறை அரங்கம் முழுவதும் இருட்டி, வீட்டு ஜன்னல்களில் விளக்கு எரியத் தொடங்கும். இருட்டினால் பயப்படும் சின்னவர்களிடம் இதை மட்டும் முதலிலேயே சொல்லி வையுங்கள்.

உடன் வரும் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். "வா, வா, அடுத்ததைப் பார்ப்போம்" என்று இழுக்காதீர்கள். எல்லாவற்றையும் பார்த்து முடிக்க முடியாது, முடிக்கவும் தேவையில்லை. ஒரு பிள்ளை ஒரே சந்தியில் இருபது நிமிடம் நின்றால் நிற்கட்டும். பார்வையாளருக்கென்று வைத்திருக்கும் பொத்தான்களை ஆசை தீர அழுத்தட்டும். மாதிரிகள் மேல் கை வைக்கவோ தடுப்பில் சாயவோ கூடாது. ஒவ்வொரு பிள்ளையும் அங்குள்ள சின்னப் பொம்மை மனிதர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவர் என்ன செய்கிறார், ஏன் செய்கிறார் என்று பத்து வரி தமிழில் எழுதி வர வேண்டும். கைபேசியில் படம் எடுப்பது அதற்குப் பிறகுதான்.

சனிக்கிழமைகளில் அங்கே நெரிசல் அதிகம். அதனால் நுழைவு நேரத்தை முன்பதிவு செய்திருக்கிறோம்; புறப்படுவதில் தாமதம் கூடாது. ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் வேண்டும், இன்னும் ஆள் போதவில்லை. வர முடிந்தவர்கள் வகுப்பாசிரியரிடம் பெயர் கொடுங்கள். அனுமதிப் படிவத்தில் கையொப்பமிட்டு வரும் சனிக்கிழமை பிள்ளையிடம் கொடுத்து அனுப்புங்கள். ஒவ்வாமை, மருந்து விவரங்களை அதன் பின்பக்கத்தில் எழுதவும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்