மழையும் உங்கள் மேசைக்கு வரவேண்டும்

இலங்கைத் தேசிய பாதுகாப்புச் சபையின் மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

2016 மே மாதம் வெல்லம்பிட்டியில் எங்கள் வீட்டின் கீழ்த்தளம் களனி கங்கைத் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தது. மேல்மாடி ஜன்னலோரம் படகைப் பிடித்து நிறுத்திய படைவீரனுக்கு இருபது வயதுகூட இருக்காது. குளிரில் உதடுகள் நீலம் பாய்ந்திருந்தன. அம்மா தன் இன்சுலினையும் மாத்திரைகளையும் ஒரு சொப்பின் பையில் முடிந்து நீட்டினார். அதை நனையாமல் தன் உயிர்காப்பு அங்கிக்குள் செருகிக்கொண்ட பிறகுதான் அவன் அம்மாவைக் கைபிடித்து இறக்கினான். அந்தப் பிள்ளையை நினைத்தே இதை எழுதுகிறேன்.

போர் முடிந்த பிறகு படையினரை அதிகம் அலைக்கழித்திருப்பது தண்ணீரும் மண்ணும்தான். 2014இல் மீரியபெத்தையில், 2016இல் அரநாயக்கவில் மண்சரிவுகளில் புதைந்த உடல்களைத் தோண்டி எடுத்தவர்கள் அவர்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி 600க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. நிவாரணப் பணிக்குப் பறந்த விமானப்படை ஹெலிகொப்டர் லுணுவிலவில் விழுந்து விமானி மாண்டார். சுண்டிக்குளம் முகத்துவாரத்தில் வெள்ளம் வடிய வழி வெட்டிக்கொண்டிருந்த கடற்படையினர் ஐவரை வெள்ளமே கொண்டுபோனது.

ஒரு சூறாவளியின் முழுப் பழியையும் காலநிலை மாற்றத்தின் தலையில் கட்டிவிட முடியாது. ஆனால் காற்று 1 பாகை செல்சியஸ் சூடேறினால் ஏறத்தாழ 7 வீதம் அதிகமாக ஈரத்தைத் தாங்கும். நம்மைச் சுற்றியுள்ள கடலும் சூடேறிக்கொண்டே போகிறது. இனி வரும் புயல்கள் அந்த ஈரத்தையெல்லாம் நம் மலைகளில்தான் கொட்டும்.

2030க்குள் இராணுவத்தை 100,000 பேராகக் குறைக்கப்போவதாக 2023 ஜனவரியில் அரசு அறிவித்தது. குறைப்பதில் எனக்கு மறுப்பில்லை. யாரைக் குறைக்கிறீர்கள், யாரை வைத்துக்கொள்கிறீர்கள் என்பதே என் கேள்வி. வெள்ளத்தில் படகு செலுத்தத் தெரிந்தவர்கள், ஒரே இரவில் பாலம் போடக்கூடிய பொறியியல் படையணிகள், ஹெலிகொப்டர்களைப் பறக்கும் நிலையில் வைத்திருப்பவர்கள் ஆகியோரைக் கைவிட்டுவிடாதீர்கள். டித்வாவின்போது இந்திய ஹெலிகொப்டர்கள் வந்து நம் மக்களைத் தூக்கின. அந்த உதவிக்கு நன்றி. அடுத்த முறை அயலவரும் அதே புயலில் சிக்கியிருந்தால் யார் வருவார்?

என் மனதை அதிகம் அரிப்பது வேறொன்று. எச்சரிக்கை வந்தும் மக்களிடம் சேராவிட்டால் என்ன நடக்கும் என்பதை 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளில் கொழும்பு கண்டது. டித்வா நாள்களில் என் கைபேசிக்கு வந்த எச்சரிக்கைக் குறுந்தகவல் சிங்களத்தில் மட்டுமே இருந்தது. மகள் வாசித்துச் சொன்னாள். அடுத்த ஒழுங்கையில் தனியாக இருக்கும் ஆச்சியிடம் மழையோடு மழையாக நாங்கள்தான் ஓடினோம். அவர் கைபேசியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, "ஏதோ வந்தது பிள்ளை, என்னவென்று விளங்கவில்லை" என்றார். பதுளையிலும் நுவரெலியாவிலும் மலைச்சரிவின் அடியில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயன் அறைகளில் இருப்பவர்களிடம் நள்ளிரவில் யார் ஓடுவது? தமிழ் இந்நாட்டின் அரசகரும மொழியாகி முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது.

உளவுத் தகவலுக்கு உங்கள் கூட்டத்தில் இருக்கும் இடத்தை மண்சரிவு எச்சரிக்கைக்கும், களனி கங்கையின் நாகலகம் வீதி நீர்மட்ட அளவீட்டுக்கும் கொடுங்கள். எந்த எச்சரிக்கையும் தமிழிலும் சிங்களத்திலும் ஒரே நிமிடத்தில் வெளிவர வேண்டும் என்று கட்டளையிடுங்கள். மீட்புக்குப் போகும் ஒவ்வொரு படகிலும் தமிழ் தெரிந்த ஒருவரேனும் இருக்கட்டும். அன்று அம்மாவுக்கு அந்தப் பிள்ளையிடம் நன்றி சொல்லக்கூட மொழி இருக்கவில்லை. அவன் கன்னத்தைத் தடவிவிட்டுத்தான் படகை விட்டு இறங்கினார்.

தென்மேற்குப் பருவமழை மே மாதம் தொடங்கும். அதற்கு முன் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
வெல்லம்பிட்டி வாசி ஒருவர்