மாடி வீட்டு ஆச்சியின் பீப்பாய்

ஆல்பனி, நியூயார்க் மாநிலம்,
ஜூன் 14

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். நீயும் தங்கச்சியும் பெரியண்ணன் வீட்டிலும் எல்லாரும் நலமா? உன் கடிதம் போன மாதமே வந்துவிட்டது. கவரைப் பிரித்ததும் திருநீறு கொட்டியது. துடைக்க மனசில்லாமல் மேஜையிலேயே விட்டுவைத்திருக்கிறேன். போனில் பேசினால் பெரியண்ணன் பக்கத்தில் இருப்பான், அதனால் எழுதுகிறேன் என்று போட்டிருந்தாய். நானும் அதனால்தான் எழுதுகிறேன். பதில் போட இத்தனை நாள் ஆனதற்கு வேலைதான் காரணம், வேறொன்றுமில்லை.

முதலில் சாப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதியை நீ படிக்க மாட்டாய். காலையில் ரொட்டி, மத்தியானம் சோறும் பருப்பும், ராத்திரி மத்தியானம் மிஞ்சியது. அப்பளம் தீர்ந்துவிட்டது, அனுப்பாதே, இங்கே கிடைக்கிறது. (நம் கல்லிடைக்குறிச்சி அப்பளம் மாதிரி பொரியாது, அது வேறு விஷயம்.) குளிர் இந்த வருஷம் ஏப்ரல் வரை விடவில்லை. ஹீட்டரை ரொம்ப ஏற்றினால் உடம்புக்கு ஆகாது என்கிறார்கள், அதனால் குறைத்தே வைத்துக்கொண்டேன். ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் அப்பாவின் பச்சைச் சால்வை. சௌகரியமாகத்தான் இருந்தது.

மாடி வீட்டு ஜமைக்கா ஆச்சியைப் பற்றி நீ கேட்டிருந்தாயே, அவள் நன்றாக இருக்கிறாள். 73 வயசு. துடைப்பக் கட்டையால் தரையை இரண்டு தட்டு தட்டினால் நான் மேலே போக வேண்டும். சனிக்கிழமை என்றால் சூப். பூசணிக்காய், சேனை மாதிரி ஒரு கிழங்கு, கொழுக்கட்டை போல உருட்டிப் போட்ட மாவு எல்லாம் ஒரே பானையில். அவர்கள் ஊரில் சனிக்கிழமை எந்த வீட்டிலும் இதுதானாம். அவள் சோற்றைப் பார்த்தால் நீ அசந்துபோவாய். தேங்காய்ப்பாலில் பயறு போட்டு வேகவைக்கிறாள், அதிலும் கிறிஸ்துமஸுக்குப் பச்சைத் துவரை. கலலூ என்று ஒரு கீரை சமைத்தாள், பார்த்தால் நம் தண்டுக்கீரை. கறிப்பலாவை அடுப்பில் சுட்டுத் தோலை உரிக்கிறாள். எல்லாவற்றிலும் குண்டு மிளகாய் ஒன்று போடுகிறாள் பார், நம் சம்பா மிளகாய் எல்லாம் கிட்டே நிற்க முடியாது.

ஜமைக்கா எங்கே இருக்கிறது என்று தங்கச்சி கேட்டாளாமே. அப்பா ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு கேட்பாரே, வெஸ்ட் இண்டீஸ் மேட்ச்! அந்த வெஸ்ட் இண்டீஸில் ஒரு தீவுதான் ஜமைக்கா, பந்து வீசிய ஹோல்டிங், வால்ஷ் எல்லாம் அந்தத் தீவுக்காரர்கள்தான் என்று சொல்.

ஒருநாள் ஆச்சி, சின்ன வயசில் ஏறிப் பறித்த பழம் என்று ஒன்றைச் சொன்னாள். முள் மரம், பழுத்தால் செம்பழுப்பு, உள்ளே கல் மாதிரி கொட்டை, பெயர் 'கூலி ப்ளம்'. எனக்குப் பிடிபடவில்லை. போனில் படத்தைத் தேடிக் காட்டினாள். அம்மா, அது இலந்தைப்பழம்! பெருமாள் கோயில் பின்னால் நானும் அண்ணனும் கல்லெறிந்து அடிவாங்கிய அதே பழம். 1845-ல் முதல் கப்பல் போனதில் ஆரம்பித்து எழுபது வருஷத்தில் நம் நாட்டிலிருந்து ஏறக்குறைய 36,000 பேரை அங்கே கரும்புத் தோட்டத்துக்கும் வாழைத் தோட்டத்துக்கும் ஒப்பந்தம் போட்டு அழைத்துப் போயிருக்கிறார்கள். பெரும்பாலும் வடக்கத்திக்காரர்கள், மெட்ராஸ் கப்பலில் போனவர்களும் உண்டு. அவர்களை அங்கே கூப்பிட்ட பெயர் கூலி. ஆளுக்கு வைத்த பெயர் பழத்துக்கும் ஒட்டிக்கொண்டது. ஆச்சி அதை ஒரு வசவாக நினைத்துச் சொல்லவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. ஆட்டுக்கறிக் குழம்பும் ரொட்டியும் அவர்கள் ஊர்க் கல்யாணத்துக்குப் போனதும் அந்தக் கப்பல்களில்தான்.

அப்புறம், போன வாரம் அவளோடு இந்த ஊரில் இருக்கும் நியூயார்க் மாநிலச் சட்டசபைக்குப் போனேன். வேலை நாளாச்சே, எப்படிப் போனாய் என்று கேட்பாய். லீவு இருந்தது. ஜமைக்கா சுதந்திர தினத்துக்கு மாநிலச் சட்டசபையில் கௌரவத் தீர்மானம் கொண்டுவந்தார்கள். சுதந்திரம் ஆகஸ்ட் 6, ஆனால் சபைக் கூட்டம் ஜூனோடு முடிந்துவிடும், அதனால் முன்கூட்டியே. நியூயார்க் நகரத்துப் புருக்ளினிலிருந்தும் பிராங்க்ஸிலிருந்தும் மூன்று மணி நேரம் பஸ்ஸில் கூட்டம் கூட்டமாக வந்திருந்தார்கள். கறுப்பு, பச்சை, மஞ்சள், அந்தக் கொடி நிறத்திலேயே தொப்பியும் துண்டும். கட்டடத்தைக் கட்டவே 1867-லிருந்து 1899 வரை ஆனதாம். மாடிப்படித் தூண்களில் முகம் முகமாகச் செதுக்கியிருக்கிறார்கள். ஆச்சி ஒவ்வொரு முகத்தருகிலும் நின்று மூச்சு வாங்கினாள், நான் ரசிக்கிறாள் என்று நினைத்தேன்.

தீர்மானம் எப்படி இருக்கும் தெரியுமா? நம் கிரயப் பத்திரம் மாதிரியேதான். நம்மூரில் 'எழுதிக்கொடுத்த பத்திரம் என்னவென்றால்' என்று வருமே, இங்கே பத்திக்குப் பத்தி 'வேர்ஆஸ்', அதாவது 'இப்படி இருப்பதால்', என்று வருகிறது. 1655-லிருந்து பிரிட்டிஷ்காரன் ஆண்டது, 1838-ல் அடிமைகள் முழு விடுதலை பெற்றது, 1962-ல் கொடி ஏறியது, இந்த மாநிலத்துக்கு வந்து மருத்துவமனையிலும் பள்ளிக்கூடத்திலும் பஸ்ஸிலும் உழைத்தவர்கள் என்று வரிசையாக வந்து, கடைசியில் 'ஆகவே இச்சபை தன் விவாதத்தைச் சற்று நிறுத்திக் கௌரவிக்கத் தீர்மானிக்கிறது' என்று முடிகிறது. ஆமா சொல்பவர்கள் சொல்லுங்கள் என்றார்கள், எல்லாரும் சொன்னார்கள். மேலே பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டினார்கள். ஆச்சிக்கு முழங்கால் வலி, என் தோளைப் பிடித்து எழுந்தாள். நானும் கூடவே நின்றேன், எனக்கும் சேர்த்துத்தான் தட்டினார்கள்! அப்புறம் அடுத்த வேலைக்குப் போய்விட்டார்கள்.

இது சட்டமில்லை. இதனால் யாருக்கும் பைசா கிடைக்காது, விசா கிடைக்காது. காரில் வரும்போது, இதை வைத்து என்ன செய்வது என்று ஆச்சியிடம் கேட்டேவிட்டேன். பத்து ஜெராக்ஸ் எடுக்க வேண்டும் என்றாள். ஒன்றை ஊரில் இருக்கும் தங்கைக்கு அனுப்புவாளாம். "அவள் படிக்க மாட்டாள், சுவரில் மாட்டுவாள்" என்றாள். 1962-ல் இவளுக்குப் பத்து வயசு. கிங்ஸ்டன் ஸ்டேடியத்தில் நடு ராத்திரி கொடி மாறியபோது இவள் கிராமத்தில் பக்கத்து வீட்டு ரேடியோ முன்னால் தூங்கிவிட்டாளாம். எழுப்பவில்லை என்று அவள் அம்மாவோடு ஒரு வாரம் பேசவில்லை. கமலா ஹாரிஸ் பேச்சை எடுத்துவிட்டால் இன்னும் குஷி. அப்பா ஜமைக்கா, அம்மா நம்மூர்ப் பெண் இல்லையா? "பார், நம் இரண்டு ஊரும் சேர்ந்து ஒரு துணை ஜனாதிபதியைக் கொடுத்தது" என்று என் தொடையில் ஓங்கி அடிக்கிறாள்.

எனக்கு அந்தத் தீர்மானத்தில் ஒரே குறை, அதில் பீப்பாயைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆச்சி வீட்டு நடையில் இடுப்பளவு உயரத்தில் ஒரு நீலப் பீப்பாய் நிற்கிறது. அரிசி, எண்ணெய், சோப்பு, டின் மீன், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட ஷூ என்று மாசக் கணக்கில் ஒவ்வொன்றாகப் போட்டு நிரப்புகிறாள். நிரம்பியதும் கப்பலில் போகும். ஜமைக்காக்காரர்கள் எல்லாரும் இப்படித்தான் அனுப்புகிறார்களாம். 22 வயசில் நர்ஸ் வேலைக்குப் புருக்ளின் வந்தபோது இவள் மகளைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்தாள். ஏழு வருஷம். அப்படி வளர்ந்தவர்களுக்கு 'பீப்பாய்ப் பிள்ளைகள்' என்றே ஒரு பெயர் உண்டு. ஊரிலிருந்து ஒரு செருப்பின் அளவை நூலில் முடிச்சுப் போட்டு அனுப்புவார்களாம், அந்த நூலைக் கடையில் தரையில் வைத்து அளந்து ஷூ வாங்குவாளாம். ஒரு வருஷம் நூல் வரத் தாமதமாகி, பழைய அளவிலேயே வாங்கி அனுப்பிவிட்டாள். பிள்ளை அதற்குள் வளர்ந்துவிட்டது. இதைச் சொல்லும்போது மூடியின் மேல் ஏறி உட்காரச் சொன்னாள், அழுத்தினால்தான் வளையம் பூட்டும். நான் உட்கார்ந்திருந்தேன், அவள் பூட்டிக்கொண்டிருந்தாள்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை அம்மா. நீ போனில் "சாப்பிட்டியா" என்று கேட்கும்போது பின்னால் நம் வீட்டுச் சுவர்க் கடிகாரம் அடிக்கிறது, அது முடியும்வரை நான் பதில் சொல்வதில்லை, கவனித்திருக்கிறாயா? லைன் சரியில்லை என்று நீ நினைத்துக்கொள்வாய். லைன் நன்றாகத்தான் இருக்கிறது.

சரி, வயல் விஷயம். ஆற்றங்கரை நஞ்சையை விற்றுத் தங்கச்சி கல்யாணத்தை முடிக்கலாம் என்று பெரியண்ணன் சொல்வதில் தப்பில்லை, ஆனால் மேலத்தெரு மாமாவுக்கு விற்கலாம் என்பதில் எனக்குச் சம்மதமில்லை. நம் அப்பா இருக்கும்போதே வாய்க்கால் பக்கம் வரப்பைத் தள்ளிப் போட்டவர் அவர். எந்தப் பேப்பரிலும் கையெழுத்துப் போடாதே. அப்பா உயில் எழுதவில்லை, அது அவர் சம்பாத்தியத்தில் வாங்கியது, அதனால் உனக்கும் தங்கச்சிக்கும் எங்கள் இரண்டு பேருக்கும் சமபங்கு. நாலு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் முழுசாக விற்க முடியும். அண்ணனிடம் இதைச் சண்டையாகச் சொல்லாதே, தம்பி வந்து பேசுகிறேன் என்றான் என்று மட்டும் சொல்.

இந்த மாசம் பணம் கொஞ்சம் குறைவாக வரும். பேங்க் மாற்றியதில் சிக்கல், சரியாகிவிடும். உன் கண் ஆபரேஷனுக்கு வைத்திருப்பதில் கை வைக்காதே, தேதி வாங்கிவிடு. புரை முற்றும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்று நம் மாடி ஆச்சிகூடச் சொல்கிறாள், நர்ஸ் இல்லையா. ஜூலைக் கடைசியில் நான் ஊர்ப் பக்கம் வந்தாலும் வருவேன். நிச்சயமில்லை, லீவு சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். யாரிடமும் சொல்லாதே.

மூலப் பத்திரமும் பட்டாவும் அப்பாவின் டிரங்குப் பெட்டியில் அடியில் இருக்கும். தங்கச்சியை விட்டு முதல் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல். எழுத்து மங்கியிருந்தால் முற்றத்து வெயிலில் வைத்து எடுக்கட்டும்.

அன்புடன்,
சின்னவன்

பி.கு.: அத்தை இலந்தை அடை தட்டி வைத்திருந்தால் தபாலில் அனுப்ப வேண்டாம். ஒரு டப்பா மட்டும் எடுத்து வை.